சிறு தொல்லைகளின் செலவு யார் கணக்கில்?

மக்களவையில் நண்பகல் 12 மணிக்குக் கேள்வி நேரம் முடிந்து பூஜ்ய நேரம் தொடங்கும்போது செய்தியாளர் மாடத்தில் பாதி இருக்கைகள் காலியாகிவிடும். காலையில் கிடைத்த செய்தியை அலுவலகத்துக்குச் சொல்ல ஒரு சாரார் எழுந்து போவார்கள். தேநீர் அருந்த மறு சாரார். நானும் பல ஆண்டுகள் அப்படி எழுந்து போனவன்தான். ஓர் ஊரில் விரைவு ரயில் நிற்க வேண்டும், ஒரு ரயில்வே கேட்டில் மேம்பாலம் வேண்டும், ஒரு மலைக் கிராமத்தில் செல்பேசிக் கோபுரம் வேண்டும், மூதாட்டி ஒருவருக்கு ஓய்வூதியம் வரவில்லை என்பன போன்ற சங்கதிகளைத்தான் உறுப்பினர்கள் அந்த நேரத்தில் எழுப்புவார்கள். முதல் பக்கத்தில் இடம்பெறும் தகுதி இவற்றுக்கு இல்லை என்பது எங்கள் தொழிலின் எழுதப்படாத விதி.

இப்போதெல்லாம் உட்கார்ந்து கேட்கிறேன். வயது ஒரு காரணமாக இருக்கலாம். மற்றொரு காரணம், அண்மையில் ஒரு மாத காலத்தில் எனக்கு நேர்ந்த தொல்லைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தது.

இருபது ஆண்டுகளாக நான் கணக்கு வைத்திருக்கும் வங்கி, நான் யார் என்று தெரிந்துகொள்ள மீண்டும் ஒருமுறை படிவம் கேட்டது. அதே முகவரி, அதே கையெழுத்து, சற்றே நரைத்த அதே முகம். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனால், "சர்வர் இயங்கவில்லை, நாளை வாருங்கள்' என்றார்கள். திரும்பி வர ஆட்டோ தேடினால், நிறுத்திய மூன்று ஆட்டோக்களிலும் மீட்டர் பழுது. வீட்டுக்கு வரும் வழியில் கைபேசியில் நான்கு அழைப்புகள். நான்கும் எனக்குத் தேவைப்படாத கடனைத் தரத் துடித்தவர்களிடமிருந்து. எங்கள் தெருவில் விளக்கு எரியாதது பற்றி இணையதளத்தில் புகார் கொடுத்திருந்தேன். பத்தாம் நாள் இரவு குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது'. அந்தச் செய்தியைப் படித்த கைபேசியின் வெளிச்சம்தான் அன்றைக்குத் தெருவில் இருந்த ஒரே வெளிச்சம்.

இவை அனைத்தும் சிறிய விஷயங்கள்தாம். யாரும் இவற்றால் சாவதில்லை. ஆனால், மாதச் சம்பளக்காரனான எனக்கு அரை நாள் விடுப்பாகக் கழிவது, தினக்கூலித் தொழிலாளி ஒருவருக்கு ஒரு நாள் உலை. ஒரு சான்றிதழுக்காக அவர் மூன்று முறை அலைந்தால் மூன்று நாள் கூலி போயிற்று. இந்த நட்டம் எந்த நிதிநிலை அறிக்கையிலும் பதிவாவதில்லை.

தொல்லைகள் ஏன் தீர்வதில்லை என்று கேட்டால் மக்கள்தொகை, லஞ்சம், மெத்தனம் என்று வழக்கமான பதில்கள் கிடைக்கும். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும், நாடாளுமன்றத்தைப் பல ஆண்டுகள் பார்த்துவரும் எனக்குத் தோன்றுவது வேறொன்று. தொல்லை தருபவர் ஒருவர், அதன் செலவைச் சுமப்பவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை எந்தத் தொல்லையும் தீராது. செலவு இடம் மாறினால் தொல்லை தானே குறையும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் முன்னோர்கள் சொன்னதன் நிர்வாகப் பொருள் இதுதான்.

தில்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் ஒகில் சந்திர சென் என்ற பயணியின் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1909-ஆம் ஆண்டு சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்குக் கொச்சை ஆங்கிலத்தில் அவர் எழுதிய புகார் அது. பலாப்பழத்தை அளவுக்கு மீறி உண்டுவிட்டு ரயிலேறியவர், வயிற்று உபாதையால் அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கினார். அதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்தவர், நடைமேடையில் இருந்தோர் அனைவரும் பார்க்கத் தடுக்கி விழுந்தார். வண்டி போய்விட்டது. கீழ்வகுப்புப் பெட்டிகளிலும் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமே தூண்டுகோல் என்று ரயில்வே வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

இந்தக் கடிதத்தைப் பலரும் வேடிக்கையாகவே படிக்கிறார்கள். அவர் கேட்டது என்ன என்பதைக் கவனிப்பதில்லை. அவர் கழிப்பறை கேட்கவில்லை. சில நிமிடம் காத்திருக்க மனமில்லாத கார்டுக்குப் பெரும் அபராதம் விதிக்க வேண்டும் என்று கேட்டார். இல்லாவிட்டால் பத்திரிகைகளுக்கு எழுதப் போவதாகவும் எச்சரித்தார். தொல்லையின் செலவு அதைத் தந்தவர் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

செலவு இடம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று உண்டு. 2010 ஆகஸ்டில் விலைவாசி விவாதம் தொடர்பாக நாடாளுமன்றம் முடங்கியிருந்தபோது, நிதியமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜி எதிர்க்கட்சித் தலைவர்களுடன் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். நடுவில் அவருக்கு ஓர் அவசர அழைப்பு. எடுத்துப் பேசினால், வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டது மறுமுனை. நாட்டின் கஜானாவைக் கையில் வைத்திருப்பவருக்கே கடன் தர முன்வந்த அந்தக் குரலை நினைத்து அன்று தில்லி சிரித்தது. தேவையற்ற அழைப்புகளைத் தடுக்கும் பதிவேடு 2007 முதலே பெயரளவில் இருந்து வந்தது. அமைச்சரின் தொலைபேசி மணி அடித்த பிறகு தொலைத்தொடர்புத் துறை சுறுசுறுப்படைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய விதிகளை வெளியிட்டது.

ஆனால், 2011 செப்டம்பரில் அந்த விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது சுமை யார் தலையில் இறங்கியது? அழைப்பு வேண்டாம் என்பவர்தான் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதையும் மீறி அழைப்பு வந்தால், எண், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்து மூன்று நாள்களுக்குள் அவர்தான் புகார் தர வேண்டும். போதாக்குறைக்கு, ஓர் எண்ணிலிருந்து ஒரு நாளைக்கு 100 குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று சாதாரணச் சந்தாதாரருக்கும் கட்டுப்பாடு வந்தது. பிறகு அது 200 ஆனது. வாழ்த்து அனுப்பியவர் தடுக்கப்பட்டார். கடன் விற்பவர் வேறு எண்ணிலிருந்து அழைத்தார். 2018-இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. 2025 பிப்ரவரியில் மீண்டும் திருத்தம் வந்தது. புகார் தரும் கெடு ஏழு நாள்களாயிற்று. இத்தகைய அழைப்புகளின் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் நிறுவனங்களுக்கு ரூ. 2 லட்சத்தில் தொடங்கி ரூ. 10 லட்சம் வரை அபராதம் என்றும் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். செலவைச் சரியான முகவரிக்கு அனுப்பத் தொடங்கவே பதினான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதே ஆணையம் 2015-இல் துணிவான ஒரு முயற்சியையும் செய்தது. பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு துண்டிக்கப்பட்டால், அழைத்தவருக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. துண்டிப்புக்கு எல்லா நேரங்களிலும் நிறுவனமே காரணம் என்று வைத்துக்கொள்வது நியாயமல்ல என்று கூறி, 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பில் ஒரு பாடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அபராதம் விதிப்பது தீர்வாகாது; தவறு யாருடையது என்பது துலக்கமாக இருக்க வேண்டும்.

தவறு துலக்கமாகத் தெரியும் இடத்தில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டுவிட்டால், ஐந்து நாள்களுக்குள் அதைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 தர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவு. இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே வங்கி தானாக வழங்க வேண்டும் என்பது அதன் சிறப்பு. படிவம் இல்லை, மனு இல்லை, மேலாளர் அறை வாசலில் காத்திருப்பதும் இல்லை. தாமதம் வங்கிக்குச் செலவு வைக்கிறது. எனவே, தாமதம் செய்யாமல் இருக்க வங்கிக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

அரசு அலுவலகங்களுக்கும் இதே விதியைப் பொருத்திய சட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உரிய காரணமின்றித் தகவலைத் தாமதப்படுத்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ. 250 வீதம், ரூ. 25,000 வரை அபராதம் விதிக்கலாம். அது அலுவலரின் சொந்தப் பணம்; கஜானாப் பணமல்ல. தகவல் ஆணையங்கள் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்குகின்றன என்ற குறை இருந்தாலும், ஒரு வெள்ளைத்தாளைக் கண்டு அரசு அலுவலகம் அஞ்சியது அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான்.

தகவலுக்கு இருக்கும் கெடு, சாதிச் சான்றிதழுக்கும் குடிநீர் இணைப்புக்கும் ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வி நாடாளுமன்றத்துக்கே வந்தது. 2011 ஆகஸ்ட் 27 அன்று, அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதப் பின்னணியில் இரு அவைகளும் நாள் முழுவதும் விவாதித்தன. மூன்று விஷயங்களை அவை கொள்கையளவில் ஏற்பதாகக் கூறப்பட்டது. அவற்றுள் முதலாவது மக்கள் சாசனம். மற்ற இரண்டும் கீழ்நிலை அலுவலர்களையும் உரிய வகையில் லோக்பால் வரம்புக்குள் கொண்டுவருவதும், மாநிலங்களில் லோக் ஆயுக்த அமைப்பதும். அவையின் கருத்தைத் தொகுத்துச் சொன்னவர், கடன் அழைப்பு வந்த அதே பிரணாப் முகர்ஜிதான்.

அதே ஆண்டு டிசம்பரில், பிரதமர் அலுவலக இணையமைச்சராக இருந்த புதுச்சேரியின் வி. நாராயணசாமி அதற்கான மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்தினார். குறித்த காலத்தில் சேவை தர வேண்டும், தவறும் அலுவலருக்கு ரூ. 50,000 வரை அபராதம் என்றது மசோதா. நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கையும் தந்துவிட்டது. ஆனால், 2014-இல் 15-ஆவது மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று. லோக்பால் சட்டம் நிறைவேறியது. அதற்காக நாங்களும் பக்கம் பக்கமாக எழுதினோம். லோக்பால் பெரும் ஊழலைப் பிடிக்க. மக்கள் சாசனம் அன்றாடத் தொல்லையைத் தீர்க்க. பெரியது பிழைத்தது, சிறியது செத்தது. சிறியதன் மறைவுக்கு எங்களில் யாரும் இரங்கற்குறிப்புகூட எழுதவில்லை.

மாநிலங்கள் சில முந்திக்கொண்டன. 2010-இல் மத்தியப் பிரதேசம் நாட்டிலேயே முதலாவதாகச் சேவை உத்தரவாதச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு பிகாரும் தில்லியும் இயற்றின. தில்லிச் சட்டம் இயற்றப்பட்டபோது அதில் வைக்கப்பட்ட தொகை, தாமதமான நாளொன்றுக்கு ரூ. 10, ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் ரூ. 200. அந்தப் பத்து ரூபாய்க்குத் தலைநகரில் ஆட்டோ ஏறக்கூட முடியாது. தமிழகத்திலும் இத்தகைய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக உண்டு. கேட்பவர்கள் தொகையையும் சேர்த்தே கேட்பது நல்லது.

மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருக்கும் தமிழ் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "சார், கெடுவும் அபராதமும் வைத்தால் கோப்பு வேகமாக நகரும் என்று நினைக்கிறீர்கள். இருபத்தொன்பதாம் நாள், இன்னொரு சான்று குறைகிறது என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கெடு மறுபடியும் ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கும்' என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை எங்கள் பிரிவில் ஒருவர் பார்க்கிறார். அபராதம் அவர் சம்பளத்தில்தானே பிடிப்பீர்கள்?' என்றும் கேட்டார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் தொல்லைக்கு ஆளானவர்தான். ஒகில் சந்திர சென் கடிதம் எழுதிய காலத்திலேயே பயணிக்குக் கழிப்பறை வந்துவிட்டது; கழிப்பறையுள்ள முதல் ரயில் என்ஜின் ஓட்டுநருக்குக் கிடைத்தது 2016-இல்தான். ஆகவே, ஆள் இல்லாததால் தாமதம் என்றால் அபராதம் கடைநிலை எழுத்தரோடு நிற்கக் கூடாது. இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கும் துறையின் கணக்குக்கு அது ஏற வேண்டும். விண்ணப்பத்தில் குறை இருந்தால், எல்லாக் குறைகளையும் முதல் ஏழு நாள்களுக்குள் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பின் புதிய குறை கண்டுபிடிக்கும் உரிமை அலுவலகத்துக்கு இருக்கக் கூடாது.

மூன்றாவதாக, புகாரை முடித்துவைக்கும் அதிகாரம் புகார் தந்தவரிடமே இருக்க வேண்டும். மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் தீர்வுக்கான கெடு 2022-இல் 30 நாள்களாகவும் 2024-இல் 21 நாள்களாகவும் குறைக்கப்பட்டது. கெடு குறைவது மகிழ்ச்சிதான். ஆனால், விளக்கு எரிகிறது என்று விளக்குக்குக் கீழே நிற்பவர் சொல்ல வேண்டும். விளக்கை எரியவைக்கக் கடமைப்பட்டவர் சொல்லக் கூடாது.

நான்காவது, தேவையில்லாத சடங்குகளை எடுத்துவிடுவது. இதற்குப் பணமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். நகலெடுத்த மதிப்பெண் பட்டியலில் பச்சை மையில் ஒரு கையெழுத்து வாங்க, முன்பின் தெரியாத அதிகாரியின் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை நின்ற அனுபவம் என் தலைமுறையில் அநேகமாக எல்லோருக்கும் உண்டு. அந்த அதிகாரிக்கும் நம்மைத் தெரியாது; அசலைப் பாராமலே ஒப்பமிட்டவர்களும் உண்டு. விண்ணப்பதாரரே சான்றொப்பம் இட்டால் போதும் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2009-இல் பரிந்துரைத்தது; 2014-இல் மத்திய அரசு அதை முனைந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வானம் இடிந்து விழவில்லை. அதே 2014 நவம்பரில் ஓய்வூதியர்களுக்கான மின்னணு வாழ்வுச் சான்று வந்தது. 2021 முதல் முகத்தைக் கைபேசியில் காட்டினாலே போதும் என்றாயிற்று. தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க ஆண்டுதோறும் நவம்பரில் வரிசையில் நின்ற முதியவர்கள் எத்தனை பேர்! தீர்வு இவ்வளவு எளிதென்றால், அத்தனை ஆண்டுகள் அவர்களை ஏன் நிற்க வைத்தோம்? நின்றவர்கள் அவர்கள், உத்தரவிட வேண்டியவர்கள் நிற்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அரசே வழங்கிய சான்றின் நகலை அரசே திரும்பக் கேட்கக் கூடாது என்ற ஓர் உத்தரவை எல்லாத் துறைகளும் இதே உறுதியோடு பின்பற்றினால், நம் அலமாரிகளில் நகல்களும் வரிசைகளில் தலைகளும் பாதியாகக் குறையும்.

கடைசியாக, நாடாளுமன்றம். பூஜ்ய நேரத்தில் எழுப்பப்படும் பிரச்னைக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அமைச்சருக்கு இல்லை. மனுக்கள் குழு என்று ஒன்று இருப்பதும், உறுப்பினர் ஒருவரின் மேலொப்பத்துடன் எந்தக் குடிமகனும் மக்களவைக்கு மனு அளிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. கூட்டத்தொடருக்கு ஒருமுறை அதேபோல் இரண்டரை மணி நேரத்தை அன்றாடத் தொல்லைகளுக்கென்றே ஒதுக்கி, பூஜ்ய நேரத்தில் எழுப்பப்பட்டவற்றில் எத்தனை தீர்ந்தன என்று அமைச்சர்கள் பெயர் சொல்லிப் பதிலளிக்கச் செய்யலாம். அவையில் தலைகுனிவு என்பதும் ஒருவகைச் செலவுதான். அரசியல்வாதிகள் மிகவும் அஞ்சும் செலவும் அதுவே.

அன்றைக்கு நான் கேட்டுக்கொண்டிருந்த பூஜ்ய நேரத்தில், பின்வரிசை உறுப்பினர் ஒருவர் தம் தொகுதியின் சிற்றூரில் பயணிகள் ரயில் நிறுத்தப்படாததால் கல்லூரி மாணவிகள் இருட்டிய பிறகு வீடு திரும்ப நேர்வதைச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் மணி அடித்தது, அடுத்தவர் அழைக்கப்பட்டார். மாடத்தில் அதைக் குறித்துக்கொண்டவர்கள் என்னைத் தவிர இன்னும் ஒரே ஒருவர். பத்திரிகைகளுக்கு எழுதிவிடுவேன் என்று 1909-இல் ஒகில் சந்திர சென் மிரட்டியபோது, எழுதினால் போடுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எங்களுக்கும் உண்டு. அந்த ரயிலைப் பற்றி மறுநாள் நான்கு வரிச் செய்தி அனுப்பினேன். அடுத்த கூட்டத்தொடரில் அந்த உறுப்பினரிடம் ரயில் நிற்கிறதா என்று கேட்பதாக இருக்கிறேன்.